தேயிலை மலையில் மானாப்புல்

மலையகத்தில் மானாப்புல்லைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர் அரிது. கைவிடப்பட்ட தேயிலை மலையைக் காட்டி, "எல்லாம் மானா ஏறிக் கிடக்கு" என்பார்கள். ஒரு தோட்டம் கெட்டுப்போனதைச் சொல்ல அதற்கு மேல் பேச்சு வேண்டாம். காட்டுப்பன்றி பதுங்குவது அதற்குள், சிறுத்தை குட்டி போடுவது அதற்குள், பெப்ரவரி வெயிலில் பற்றி எரிவதும் அதுதான். ஆனால் அதே தோட்டத்தில், கிழடு தட்டிய தேயிலையை வேரோடு பிடுங்கிய இடத்தில், அதே புல்லை வரிசை பிடித்து நடுவார்கள். நாட்சம்பளம் கொடுத்து நட வைப்பது நிர்வாகமே. ஒரு நம்பர் மலையில் வெட்டி எறிகிற புல், பக்கத்து நம்பரில் பயிர்.

இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டாவது மானாவைப் பற்றித் தோட்டத்துக்கு வெளியே பேச்சே இல்லை. தேயிலை தின்றுவிட்ட மண்ணைத் திரும்ப எழுப்பித் தருகிற வேலை அதனுடையது. அந்த வேலைக்கு நேரமும் காசும் ஒதுக்க மறுப்பதுதான் இன்றைய மலையகப் பெருந்தோட்டத்தின் ஆழமான நோய்களில் ஒன்று என்பது என் கருத்து.

மானா ஒரு பல்லாண்டுப் புல். சிம்போபோகன் நார்டஸ் என்ற இனத்தின் காட்டு வகை. சிம்போபோகன் கன்ஃபெர்டிஃப்ளோரஸ் என்று தனிப்பெயரும் உண்டு, தேயிலை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரையே எழுதுவார்கள். ரசத்திலும் தேநீரிலும் போடுகிற எலுமிச்சைப் புல்லுக்கு இது நெருங்கிய சொந்தம். தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் எண்ணெய்க்காகப் பயிரிட்ட சிட்ரொனெல்லா இதன் தம்பி முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சவர்க்காரத்துக்கும் கொசு விரட்டுவதற்கும் அந்த எண்ணெய் கப்பல் கப்பலாகப் போனது. பிறகு ஜாவா அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய்க்கு உதவாத மலைநாட்டு அண்ணன் மட்டும் பெயரில்லாமல் மேட்டில் நின்றான்.

ஒரு தூரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தப் புல்லின் சாமர்த்தியம் தெரியும். வெளியே ஆளுயரம் நிற்கும் தாள்களும் விளிம்பில் அரம் போலச் சொரசொரக்கும் இலைகளும். வெறுங்கையால் இழுத்தால் விரல் கீறும். இலைக்கட்டை விலக்கி அடிக்குப் போனால், காய்ந்த பழைய இலையுறைகள் அடுக்கடுக்காகத் தூரைச் சுற்றிக் கவசம் கட்டியிருக்கும். புதுத் தளிருக்கான மொட்டுகள் அந்தக் கவசத்துக்குள், மண்மட்டத்தில், பத்திரமாக இருக்கின்றன. மேலே மாடு மேயட்டும், கத்தி அறுக்கட்டும், தீ ஓடட்டும். மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. எரிந்து கருகிய தூரின் நடுவிலிருந்து சில வாரத்தில் பச்சை முனை எட்டிப்பார்க்கும். அடியில் சல்லிவேர் கற்றை கற்றையாக இறங்கி மண்ணைப் பிடித்திருக்கும். பழைய தூரைத் தோண்டி எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பிடியின் வலு தெரியும். வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் குறைந்த நீரைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒளித்தொகுப்பு முறை இதற்கு வாய்த்திருக்கிறது. கரும்பும் சோளமும் கையாளும் முறை அது.

சத்தில்லாத மண்ணில், காற்றுக்கும் தீக்கும் நடுவே, இப்படிக் கோரை போல் தூர் கட்டி வாழும் பல்லாண்டுச் செடிகள் உலகெங்கும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலும் மேற்கு அவுஸ்திரேலியாவின் மணற்பாங்கான புதர்வெளிகளிலும் ரெஸ்டியோ என்ற குடும்பமே அப்படி ஆட்சி செய்கிறது. அவை புல்லும் அல்ல, கோரையும் அல்ல. இலை தேய்ந்து தண்டு மட்டும் நிற்பவை. கேப் பகுதியில் அவற்றுள் ஒன்றான தாம்னோகார்ட்டஸ் இன்சிக்னிஸை அறுத்து இன்றும் கூரை வேய்கிறார்கள். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. இலங்கையின் மலைப் புல்வெளிகளைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய தாவரவியலாளர்களில் ஒருவர் ஹென்றி ஹரோல்ட் வெல்ச் பியர்சன். 1890களின் இறுதியில் இங்கே வந்து பார்த்து, 1899இல் இலங்கைப் பத்தனைகளின் தாவரவியல் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். பிறகு 1903இல் கேப் டவுனுக்குப் பேராசிரியராகப் போனார். 1913இல் அங்கே கிர்ஸ்டன்பொஷ் தாவரவியல் பூங்காவைத் தொடக்கினார். மானாவைப் படித்தவர் ரெஸ்டியோக்களின் நாட்டில் போய் அடங்கினார். அதற்கு எதிர்த்திசையில், 1900இல், தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, தியத்தலாவைப் புல்வெளியில் முகாமிடப்பட்டார்கள். ஒரு புல்வெளி நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு.

பத்தனை என்றால் மலைநாட்டுப் புல்வெளி. கொட்டகலைக்குப் பக்கத்திலுள்ள பத்தனை என்ற ஊர்ப்பெயரை, ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் முகவரியாகவே பலரும் அறிவார்கள். பத்தனை இரண்டு வகைப்படும். வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவை என்று ஊவாப் பக்கம் விரிவது உலர் பத்தனை. அங்கே மானாதான் அரசன். ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேல், நுவரெலியாவைச் சுற்றியும் அம்பேவளையிலும் ஹோட்டன் சமவெளியிலும் இருப்பது ஈரப் பத்தனை. கறுத்த, புளித்த, கால் அமுங்கும் மண். அங்கே மானா பின்வாங்கி, கிரைசோபோகன், அருண்டினெல்லா என்ற வேறு தூர்ப்புற்கள் முன்னே வருகின்றன. ஓடைக்கரையில் குட்டை மூங்கில் அடர்கிறது, சதுப்பில் கோரையினங்கள். நடுநடுவே தனித்து நிற்கும் மகாரத்மல் மரத்தின் தடித்த பட்டை, அங்கே தீ ஓடிய வரலாற்றுக்குச் சான்று.

இந்த வெளிகள் எப்படி வந்தன என்பது பியர்சன் காலத்திலிருந்தே நடந்துவரும் வழக்கு. தீயா, காற்றா, மண்ணா, மனிதனா? காட்டை எரித்துச் சேனை செய்ததால் வந்தவைதான் எல்லாமே என்ற எண்ணம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது; உலர் பத்தனையின் பல இடங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் உயர்ந்த வெளிகளின் கதை வேறு. ஹோட்டன் சமவெளிச் சதுப்பின் படிவுகளைத் தோண்டி, அதில் புதைந்த மகரந்தத்தை எண்ணி, பிரேமதிலக்கவும் ரிஸ்பெர்க்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகிறது. பனியுகத்தின் உச்சத்தில் அங்கே காலநிலை வறண்டிருந்தது. பருவமழை வலுத்த பிறகுதான் காடு விரிந்தது. நீலகிரியின் சதுப்பு மண்ணில் கரிம ஓரிடத்தான்களை அளந்து ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் எழுதியதும் இதையொத்ததே: காலநிலை மாற மாறப் புல்லும் சோலையும் ஒன்றையொன்று தள்ளி இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே புல்வெளியைக் கண்டதும் "வெட்டவெளி, மரம் நட வேண்டும்" என்று கிளம்புவது, அது எந்தப் புல்வெளி என்று கேட்காமல் செய்கிற காரியம். 1970களிலும் 80களிலும் ஹந்தானையிலும் ஊவாவிலும் வனத்துறை பைன் மரங்களைப் பத்தனை மீது வரிசை வரிசையாக நட்டது. பைன் ஊசிக்குப்பை மானாவைவிட மோசமாக எரியும் என்பதையும், கீழே ஊற்றுக்கண் வற்றுகிறது என்பதையும் கிராமத்தவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள்.

வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்குப் பத்தனை ஆரம்பத்தில் ஏமாற்றம். 1848இல் நுவரெலியாவில் இங்கிலாந்துப் பாணிப் பண்ணை போட வந்த சாமுவேல் பேக்கர், எருவில்லாமல் இந்த மண்ணில் எதுவும் எழாது என்று பட்டுத் தெரிந்துகொண்டார். காப்பிக்கு வேண்டியிருந்தது காட்டு மண். இலையும் கிளையும் மக்கிச் சேர்ந்த அந்தக் கறுப்புச் சேமிப்பைத் தேடித்தான் அடவியை வெட்டி எரித்தார்கள். எட்டாத உயரம் என்று ஓர் எல்லை பிறகு வந்தது; தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் வற்புறுத்திய பின் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தோட்டத்துக்கு விற்பது நிறுத்தப்பட்டது. 1869இல் காப்பி இலையில் துரு நோய் தொடங்கியது; அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி செத்த மலைகளில் தேயிலை ஏறியது.

இதிலெல்லாம் மானாவுக்கு இருந்த பங்கு கூரை. தகரம் வருமுன், தோட்டத்துத் தொடக்ககாலக் குடிசைகளுக்கும் லயங்களுக்கும் ஏன், துரையின் முதல் பங்களாவுக்கும்கூட, மேட்டிலிருந்து அறுத்து வந்த புல்தான் முகடு. தமிழ்நாட்டில் விழல் வேய்ந்து பழகிய கைகளுக்கு அந்த வேலை புதிதல்ல. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்த தலைமுறையின் கூரை அது. அந்தக் கூரையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கீழே குடியிருந்தவர்களைப் பற்றியும் அப்படித்தான்.

தேயிலை மண்ணை எப்படித் தின்கிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. காடு இருந்தபோது மழைத்துளி இலையிலும் சருகிலும் விழுந்து சொட்டியது. செங்குத்துச் சரிவில் காட்டை வெட்டி, மேலிருந்து கீழாக வரிசை போட்டு, புல் பூண்டு இல்லாமல் சுரண்டிச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல நிர்வாகம் என்று பல பத்தாண்டுகள் நடந்தது. ஒவ்வொரு பருவமழையும் மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோனது. வடிகான் வெட்டினார்கள், கல்லணை கட்டினார்கள். 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அதற்குள் பல மலைகளில் செம்மண் அடியும் பாறைப் பருக்கையும் தெரிய ஆரம்பித்துவிட்டன. அதோடு, ஒரே செடி ஒரே இடத்தில் எழுபது, நூறு ஆண்டு நின்றால் அதை உண்ணும் நுண்ணுயிர்களும் அங்கேயே குடும்பம் நடத்தும். மலைநாட்டுத் தேயிலை வேரைத் துளைக்கும் பிராட்டிலென்கஸ் லூஸி என்ற நூற்புழு அவற்றில் முதன்மையானது. தேயிலைப் புழு ஆய்வில் பெயர் பெற்ற லூஸ் என்ற ஆராய்ச்சியாளரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கெட்ட பெயர் எடுத்த புழுவுக்குத் தன் பெயர் அமைவதைப் பெருமை என்பதா, வேறென்ன என்பதா!

1925இல் நுவரெலியாவில் தொடங்கி, பின்பு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்கு மாறிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், கொப்பு நட்டு வளர்க்கும் புதுத் தேயிலை வகைகளைப் பெருக்கியபோது ஒரு சிக்கல் எதிர்ப்பட்டது. பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிய குழியில் உடனே புதுக்கன்றை நட்டால், கன்று சோர்ந்து நிற்கிறது. மண்ணுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வென்றால் சும்மா கிடப்பதல்ல, புல்லுக்குக் கீழே கிடப்பது. அதற்கு நிலையம் பரிந்துரைத்தவை இரண்டு: நடு அமெரிக்காவிலிருந்து வந்த குவாத்தமாலாப் புல், உள்ளூர் மானா. வசதியான, ஈரமான இடத்தில் குவாத்தமாலா வேகமாகப் பச்சை கட்டும். காற்றும் வறட்சியும் மெலிந்த மண்ணும் உள்ள மேட்டில் மானாதான் தாக்குப்பிடிக்கும்.

பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதம் நீளும் இந்த வேலை நடக்கும் விதம் இது. தேயிலைத் தூரை வேரோடு பிடுங்குகிறார்கள். வேர்த்துண்டு மண்ணில் தங்கினால் பூஞ்சை நோய்க்கு அதுவே வீடு என்பதால் பொறுக்கியும் எடுக்கிறார்கள். கான்களைச் சமவுயரத்தில் புதிதாக வெட்டுகிறார்கள். மானாத் தூரைப் பிளந்து, சிறு சிறு பிடிகளாக, சரிவுக்குக் குறுக்காக வரிசையில் நடுகிறார்கள். புல் இடுப்புக்கு மேல் வளர்ந்ததும் கட்டையை விட்டு மேற்பகுதியை அறுத்து, வரிசைக்கு நடுவில் பரப்புகிறார்கள். மீண்டும் வளரும், மீண்டும் அறுப்பு. ஒவ்வொரு அறுப்பும் ஒரு போர்வை. மழைத்துளி இப்போது மண்ணில் அல்ல, வைக்கோல் மீது விழுகிறது. அடிப்போர்வை மக்கி மண்ணோடு சேர, மண்புழு திரும்புகிறது. மேலே அறுபடும்போதெல்லாம் கீழேயும் வேர் ஒரு பகுதி செத்து மக்குகிறது. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் போக அது வழிவிடுகிறது. தேயிலை வேர் கிடைக்காத நூற்புழுக்கள் பட்டினியில் குறைகின்றன. இரண்டாவது ஆண்டில் அந்த மலையில் முள்ளு குத்தி மண்ணைக் கிளறுகிறவர்களைக் கேளுங்கள்; முள்ளு இறங்குகிற சத்தமே மாறிவிட்டதைச் சொல்வார்கள்.

கடைசியில் புல்லையும் பிடுங்க வேண்டும். மானாத் தூரைப் பிடுங்குவது இலேசில்லை. அலவாங்கும் முதுகும் கேட்கும். பிடுங்கிய தூரையும் அறுத்த புல்லையும் புதுத் தேயிலைக் கன்றுகளைச் சுற்றி மூடாக்குப் போடுகிறார்கள். கன்று கவ்வாத்துக்குத் தயாராகும்போது மானாவின் அடையாளமே அந்த மலையில் இருக்காது. அப்படியும் கானோரம் ஒன்றிரண்டு தூர் தப்பி நிற்கும், அதையும் அடுத்த புல்வெட்டில் எடுத்துவிடுவார்கள்.

தேயிலையை நூற்றுக்கு இரண்டு வீதம் ஆண்டுதோறும் மறுநடுகை செய்ய வேண்டும் என்பது நெடுங்காலமாக எல்லோரும் சொல்லும் கணக்கு. 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பிறகும் அந்த வேகம் வரவில்லை. காரணம் கம்பனிகளின் கஞ்சத்தனம் மட்டுமல்ல. பிடுங்கிய நாளிலிருந்து புல்லுக்கு இரண்டு ஆண்டு, பிறகு கன்று நின்று கொழுந்து தர இன்னும் சில ஆண்டு. அதுவரை அந்த மலை செலவு மட்டும் காட்டும். குத்தகைக் காலமும் வங்கி வட்டியும் கணக்குப் பார்ப்பவனுக்குப் புல் ஆண்டுகள் வெறும் நட்டம். ஆகவே மறுநடுகையைத் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது புல் காலத்தைச் சுருக்குகிறார்கள். தள்ளிப்போட்ட மலையில் தேயிலை இடைவெளி விட்டுச் சாகிறது. அந்த இடைவெளியில் மானா தானாகவே வந்து உட்கார்கிறது. நட்டு வளர்த்திருக்க வேண்டிய புல், நடாமலே வருகிறது. வேறுபாடு ஒன்றுதான்: அறுத்துப் போர்த்த ஆளில்லை.

ஆளில்லாத மானா காய்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் சனவரி முதல் மார்ச் வரை இரவில் மலைமுகட்டில் தீக்கோடு தெரிவது வழமை. மாட்டுக்கு இளம்புல் வேண்டி வைப்பவர் உண்டு, வேட்டைக்காகப் பன்றியை விரட்ட வைப்பவர் உண்டு. மலையில் தீ போட்டால் மழை வரும் என்று நம்பி வைப்பதும் நடக்கிறது. மானாவுக்குத் தீ ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அடுத்தடுத்து எரியும் சரிவில் மற்றச் செடிகள் ஒவ்வொன்றாக விலக, தூருக்கும் தூருக்கும் நடுவே வெறும் மண் வாய் திறக்கிறது. தீ முடிந்து முதல் மழை. சாம்பலும் மண்ணும் கெசல்கமு ஓயாவில் இறங்கிக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், மஸ்கெலி ஓயாவில் இறங்கி மவுசாகலைக்கும் போகின்றன. இந்த இரண்டு நீர்த்தேக்கத்தின் தண்ணீரில்தான் லக்சபான மின்நிலையத் தொகுதி சுழல்கிறது. எரிந்த மலை எந்தத் தோட்டத்துடையது என்ற வழக்கு முடியுமுன் வண்டல் அணைக்குள் படிந்துவிடும்.

மானாக் காட்டுக்குள் வாழும் விலங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிக்கு அருகே தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. மீட்டுக் கொண்டுபோயும் சில நாளில் இறந்தது. தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள புல்லும் பற்றையுமே அவற்றின் நடைபாதை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்ணுக்கு அதே பற்றை பயம். இரண்டையும் ஒரே வாயால் பேசித் தீர்ப்பது எளிதல்ல.

நாட்டில் பலரும் புல்லை இன்னும் பயனில்லாத நிலமாகவே பார்க்கிறார்கள். சுற்றாடல் தினத்தில் மரக்கன்றோடு பத்தனை ஏறுகிறார்கள். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே புல்லுக்குக் காவல் உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ஸ் முட்புதரை அங்கே பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள். பூங்கா வேலிக்கு வெளியே உள்ள புல்லுக்கு அந்தக் காவல் கிடையாது.

இப்போது தோட்டங்களில் இன்னொரு மாற்றம் நடக்கிறது. கொழுந்துக் கிலோவுக்குச் சம்பளம் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. சில கம்பனிகள் மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரிப்பை அவர்கள் பார்த்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கும் வருமானப் பங்கு முறைக்குப் போகின்றன. புல் நடுவதும் அறுப்பதும் கிலோவில் வராத வேலை; நாட்பேருக்கு, அதாவது நாட்சம்பளத்துக்கு, ஆள் போட்டால்தான் நடக்கும். நாட்பேரே இல்லாமல் போகும் மலையில் அதைச் செய்யப்போவது யார்? குடும்பத்துக்குக் கிடைக்கும் துண்டு பெரும்பாலும் கம்பனியே மறுநடுகை செய்யாமல் விட்ட கிழட்டுத் தேயிலை. அதைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஆண்டு மானா வளர்த்துக் காத்திருக்க, கடையில் கடன் வைத்து மாதம் ஓட்டும் வீட்டால் முடியாது. அந்த இரண்டு ஆண்டின் செலவைக் கம்பனியோ அரசோ ஏற்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், பிரித்துக் கொடுக்கப்படுவது தேயிலை மலையல்ல, தின்று தீர்ந்த மண்.